போரில் யார் ஜெயித்தது என்று எப்போது சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கே போர் மூண்டாலும் மறுநாள் காலையில் பத்திரிகைகளில் ஒரு கட்டம் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி, நடுவில் விழுந்த விமானம் இத்தனை, எரிந்த டாங்கி இத்தனை, இறந்த வீரர்கள் இத்தனை. உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு யார் ஜெயித்தது என்று இரவு பன்னிரண்டு மணிவரை சண்டை போடுகிறோம். நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த பையன்களில் பத்துப் பன்னிரண்டு பேராவது ராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள், லீவில் வந்தால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்களை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை. அதில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது என்பதும் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இந்தப் போரைத் தொடங்கிய அரசு என்ன வேண்டும் என்று தொடங்கியது, அது கிடைத்ததா? இந்த வரியைத்தான் சொல்கிறேன்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கார்ல் வான் கிளாஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தது. பன்னிரண்டு வயதில் படையில் சேர்ந்தவர், 1806இல் நெப்போலியன் படையிடம் தோற்றுக் கைதியாகப் பிரான்சில் இருந்தவர், 1831இல் காலராவில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன கைப்பிரதிகளை அடுத்த வருஷத்திலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவர் அவருடைய மனைவி மேரி. போர் என்பது அரசியலை வேறு வழியில் தொடர்வது என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் எல்லோருக்கும் தெரியும், கட்டுரைகளில் மேற்கோளாகப் போட்டுவிட்டு அதோடு அவரை விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வாக்கியத்தை நிஜமாகவே நம்பினால், போர்க்களத்தில் நடந்ததை மட்டும் வைத்து வெற்றி தோல்வி சொல்லவே முடியாது. அதோடு அவர் இன்னும் மூன்று விஷயம் சொல்கிறார். அடைய நினைக்கும் காரியத்துக்கு எவ்வளவு மதிப்போ அந்த அளவுக்குத்தான் உயிரையும் பொருளையும் செலவழிக்கலாம், செலவு அதைத் தாண்டினால் காரியத்தையே விட்டுவிட வேண்டும். தாக்குகிறவனுக்கு ஓர் உச்சப் புள்ளி உண்டு, அதற்கு மேல் போனால் போகப் போகப் பலவீனம்தான். அப்புறம், போரின் முடிவு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கடைசி முடிவாக இருப்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்து எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிய 1973 அக்டோபர் போரைவிடப் பொருத்தமான போர் கிடையாது. வகுப்பில் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது, ஒவ்வொரு முறையும் பையன்கள் கட்சி பிரிந்து சண்டை போடுவார்கள்.

1967 ஜூனில் ஆறே நாளில் இஸ்ரேலிடம் எகிப்து சினாய் தீபகற்பம் முழுவதையும் இழந்தது, சிரியா கோலான் குன்றுகளை இழந்தது. சூயஸ் கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் வீரர்கள், மேற்குக் கரையில் எகிப்து வீரர்கள், நடுவில் கப்பலே போகாத கால்வாய். எகிப்துக்குக் கால்வாய் வருமானமும் போச்சு, சினாய் எண்ணெயும் போச்சு. 1970இல் எகிப்து அதிபர் நாசர் இறந்து அன்வர் சதாத் அதிபராக வந்தார். 1971 பிப்ரவரியில் அவர் ஒரு யோசனை சொன்னார். இஸ்ரேல் படை கால்வாய்க் கரையிலிருந்து கொஞ்சம் பின்னால் போகட்டும், நான் கால்வாயைத் திறந்துவிடுகிறேன், மிச்சத்தைப் படிப்படியாகப் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அது. பேச்சு நடந்தது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. கையில் மொத்த சினாயும் இருக்கிறது, எதிரி பலவீனமாக இருக்கிறான், அமெரிக்கா பக்கத்தில் நிற்கிறது, அப்படி இருக்கும்போது இஸ்ரேல் எதற்காக நகரும்? இந்த 1971 யோசனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதற்கு வருவேன்.

சதாத்துக்குத் தன் பலம் நன்றாகத் தெரிந்திருந்தது. சினாய் முழுவதையும் சண்டை போட்டுப் பிடிக்க எகிப்தால் முடியாது, ஆகாயத்தில் இஸ்ரேலை ஜெயிக்கவும் முடியாது. அதனால் போருக்கு முன் தன் போர் அமைச்சர் அகமது இஸ்மாயிலுக்கு எழுத்தில் கொடுத்த உத்தரவில் சினாயை மீட்டு வா என்று அவர் சொல்லவில்லை. ராணுவத் தேக்கத்தை உடை, எதிரிக்கு இழப்பை ஏற்படுத்து, நம் சக்திக்கு ஏற்றபடி படிப்படியாக நிலத்தை விடுவி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். கால்வாயின் அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டாலே உலகத்தின் பார்வை மாறிவிடும் என்ற பொருளில் அவர் பேசியதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். தான் பிடிக்கப் போகும் நிலத்தைவிட, அதைப் பிடித்த பிறகு அமைக்கப் போகும் பேச்சு மேசையைத்தான் அவர் குறிவைத்தார். கிளாஸ்விட்ஸை இவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றிய போர்த் திட்டம் இருபதாம் நூற்றாண்டில் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

1973 அக்டோபர் 6, மதியம் இரண்டு மணி. யூதர்களுக்கு யோம் கிப்பூர் விரத நாள், முஸ்லிம்களுக்கு ரம்ஜான் மாதம். தெற்கே எகிப்தும் வடக்கே சிரியாவும் ஒரே நேரத்தில் தாக்கின. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த பிரம்மாண்டமான மணல் சுவரைக் குண்டு வைத்து உடைக்க வெகு நேரம் பிடிக்கும், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் அஸ்வான் அணைக் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஓர் எகிப்தியப் பொறியாளர் அதிகாரி. தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கரைத்துவிடலாம் என்றார் அவர். பம்புகளை வரவழைத்தார்கள், கால்வாய்த் தண்ணீரையே எடுத்து அடித்தார்கள், சில மணி நேரத்தில் மணல் சுவரில் வழி திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் உயிர் போகும் என்று கணக்குப் போட்டிருந்த அந்த முதல் நாளில் போனது சில நூறுக்குள்தான். கரை ஏறிய படை கால்வாயை ஒட்டி சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே வரை பிடித்து உட்கார்ந்துகொண்டது, தலைக்கு மேலே சோவியத் விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் பாதுகாப்பு. அந்தக் குடைக்குள் இருக்கும்வரை இஸ்ரேல் விமானங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்புறம்தான் தப்பு நடந்தது. வடக்கே சிரியா அடி வாங்கிக்கொண்டிருந்தது, உதவிக்கு முன்னேறு என்று நெருக்கியது. எகிப்தின் ராணுவத் தலைமைத் தளபதி சாத் எல் ஷாஸ்லி ஏவுகணைக் குடையை விட்டு வெளியே போகக் கூடாது என்று எதிர்த்தார். அதை மீறி அக்டோபர் 14 அன்று டாங்கிகள் கிழக்கே நகர்ந்தன. ஒரே நாளில் எகிப்தின் சுமார் 250 டாங்கிகள் அழிந்தன. மறுநாள் இரவே இஸ்ரேல் படை, எகிப்தின் இரண்டாம் படைக்கும் மூன்றாம் படைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் புகுந்து கால்வாயைத் தாண்டி மேற்குக் கரைக்கு வந்துவிட்டது. பத்து நாளுக்குள் மூன்றாம் படையின் பல்லாயிரம் வீரர்கள் கிழக்குக் கரையில் குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் சுற்றி வளைக்கப்பட்டார்கள். கெய்ரோவிலிருந்து 101 கிலோமீட்டரில் இஸ்ரேல் ராணுவம் நின்றது.

இப்போது அந்தக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 8ஆம் தேதிப் பத்திரிகையில் போட்டால் எகிப்து ஜெயித்துவிட்டது. 25ஆம் தேதி போட்டால் இஸ்ரேல் அபாரமாக ஜெயித்துவிட்டது, சந்தேகமே இல்லை. இரண்டு கட்டத்திலும் எண்கள் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். மூன்றாம் படையை அழிய விடாமல் அமெரிக்கா இஸ்ரேலைத் தடுத்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிங்கர் கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1974 ஜனவரியில் படை விலக்க ஒப்பந்தம். இஸ்ரேல் கால்வாயை விட்டுப் பின்னால் போனது. 1975 ஜூன் 5 அன்று, எட்டு வருஷம் மூடிக் கிடந்த கால்வாய் திறந்தது. அந்த வருஷ செப்டம்பரில் அடுத்த ஒப்பந்தம், சினாயில் இன்னும் கொஞ்சம் நிலம், எண்ணெய் வயல்கள். 1977 நவம்பரில் சதாத் ஜெருசலேமுக்கே போனார். 1978இல் அமெரிக்காவில் கேம்ப் டேவிட் உடன்பாடு, 1979 மார்ச் 26இல் சமாதான ஒப்பந்தம், 1982 ஏப்ரலில் இஸ்ரேல் படை சினாயை விட்டுப் போனது. தாபா என்ற சின்ன இடம் மட்டும் 1989இல் வந்து சேர்ந்தது.

1971இல் சதாத் கேட்டதையும் 1974இல் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே விஷயம். கேட்டபோது கிடைக்கவில்லை, போருக்குப் பிறகு கிடைத்தது. ஒரு போர் அரசியல் காரியத்தைச் சாதித்ததா என்று பார்க்க இதைவிடத் தெளிவான சாட்சி அடிக்கடி கிடைக்காது, ஏனென்றால் பெரும்பாலான போர்களில் போர் இல்லாமலே இது நடந்திருக்குமா என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. நடந்ததை நடந்ததோடு சேர்த்து, காரணத்திலிருந்து விளைவு வரை இழை விடாமல் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும், வேறு வழியில் கிடைத்திருக்குமா என்றும் பார்க்க வேண்டும் என்று கிளாஸ்விட்ஸ் விமர்சன முறை ஒன்றைச் சொல்கிறார். இங்கே அந்த இழை அறுபடாமல் வருகிறது.

சிரியாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுசாகப் புரியும். ஒரே போர், ஒரே நாள், ஒரே எதிரி. சிரிய அதிபர் ஹபீஸ் அல் ஆசாத் கோலானைப் பலத்தால் திரும்பப் பிடிக்கப் போனார். தோழன் எகிப்தும் சினாய்க் கணவாய்கள் வரை வரும் என்று நம்பியிருந்தார், சதாத் அவரிடம் உண்மைத் திட்டத்தை முழுதாகச் சொல்லவில்லை. சிரிய வீரர்கள் சாகத் தயங்கவில்லை. ஆனால் 1974 மே மாத ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இடிந்து கிடந்த குனைத்ரா ஊரும் சுற்றிக் கொஞ்சம் நிலமும்தான். 1981இல் கோலானில் தன் சட்டம் செல்லும் என்று இஸ்ரேல் அறிவித்தே விட்டது. கைக்கு எட்டுகிற அளவில் காரியத்தை வைத்தவன் ஒன்று பெற்றான், எட்டாத அளவில் வைத்தவன் இழந்தான். அந்த எட்டாத காரியத்துக்காக நம்பி வந்த தோழனிடம் உண்மையை மறைத்தது எனக்கு இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. அந்தக் கணக்கையும் சதாத் பெயரில்தான் எழுத வேண்டும்.

அதே போல சதாத்துக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1967இல் போன அரபு நிலம் அத்தனையும் திரும்ப வேண்டும், பாலஸ்தீனர்களுக்கு நியாயம் வேண்டும் என்று அவர் இஸ்ரேல் நாடாளுமன்றத்திலேயே பேசினார். அது நடக்கவில்லை. தனியாகச் சமாதானம் செய்துகொண்டதற்காக அரபு லீக் எகிப்தை 1979இல் ஒதுக்கி வைத்தது, பத்து வருஷம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. பாலஸ்தீனத்தில் ஒருவரிடம் கேட்டால் 1973 எங்களுக்கு என்ன கொடுத்தது என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 1981 அக்டோபர் 6, கால்வாயைத் தாண்டிய நாளைக் கொண்டாடும் அணிவகுப்பு மேடையிலேயே சதாத் சுட்டுக் கொல்லப்பட்டார். சினாயின் கடைசிப் பகுதி திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

சரி, இஸ்ரேல்? களத்தில் விழுந்து எழுந்து ஜெயித்தது. சுமார் முப்பது லட்சம் பேர் இருந்த நாடு 2,600க்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது, பிரதமர் கோல்டா மெயர் 1974 ஏப்ரலில் பதவி விலகினார். இருப்பது இப்படியே இருக்கட்டும் என்பதுதான் அவர்களுடைய அரசியல் நோக்கம் என்றால் அது நிறைவேறவில்லை. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று வந்தது, தங்கள் எதிரிகளிலேயே பலசாலியான எகிப்தோடு 1979க்குப் பிறகு போரே இல்லை. எதிரிக்குக் கிடைத்தால் நமக்கு நஷ்டம் என்று கட்டம் போட்டுப் பழகிய கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வியட்நாம். ஹாரி சம்மர்ஸ் என்ற அமெரிக்க கர்னல் பிற்பாடு கிளாஸ்விட்ஸை வைத்தே அந்தப் போரை எடைபோட்டு எழுதினார். 1975இல் ஹனோயில் ஒரு வட வியட்நாம் கர்னலிடம், போர்க்களத்தில் நீங்கள் எங்களைத் தோற்கடித்ததே இல்லை என்று இவர் சொன்னாராம். இருக்கலாம், ஆனால் அதற்கும் முடிவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் பதில் சொன்னாராம். 58,000 அமெரிக்கர்களும் அதைப் போலப் பல மடங்கு வியட்நாமியர்களும் செத்த பிறகு நடந்த பேச்சு அது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்க்காமல் விட முடியாது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தை நிறைவேற்ற இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை, அக்டோபரில் சண்டையில் இறங்கி யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. அன்றைய கட்டத்தில் அது வெற்றிதான். ஆனால் போனது எதற்கு? இயக்கங்களின் ஆயுதத்தை வாங்குவது, வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்தில் தமிழர்களுக்கு அதிகாரம், இலங்கை ஒன்றாக இருப்பது, அமைதி. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பியபோது புலிகள் கையில் ஆயுதம் இருந்தது, மாகாண அரசு நிலைக்கவில்லை, மூன்று மாதத்தில் போர் திரும்ப ஆரம்பித்தது, இணைப்பும் 2006இல் நீதிமன்றத் தீர்ப்பால் போனது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்தார்கள், எந்த மக்களைக் காப்பதற்கென்று போனார்களோ அந்த மக்களிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். திரும்பி வந்த வீரர்களை வரவேற்கச் சென்னையில் முதலமைச்சர் போகவில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கப்பலில் வந்தவர், நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா சார் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள், உங்களை அனுப்பியவர்கள்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

கிளாஸ்விட்ஸ் ஐரோப்பாக்காரர், அவர் எதற்கு நமக்கு என்று கேட்பவர்களுக்கு 461ஆம் குறளைக் காட்டுவேன்.

அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.

பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்தான், ஆனால் இதில் மூன்று பத்தி இருப்பதை எத்தனை பேர் கவனித்தோம்? அழிவது ஒன்று, ஆவது ஒன்று, ஆன பிறகு அதன் வழியாகப் போகப் போக வரும் ஊதியம் இன்னொன்று. நம் பத்திரிகைக் கட்டத்தில் முதல் பத்தி மட்டும் இருக்கிறது, சில சமயம் பிடித்த நிலம் இவ்வளவு என்று இரண்டாவதும் வரும், மூன்றாவதை யாரும் போடுவதே இல்லை. அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி, வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலை இழக்கும் வேலையை அறிவுடையவர்கள் செய்யமாட்டார்கள் என்று வருகிறது. அக்டோபர் 14 அன்று ஷாஸ்லி சொல்லிப் பார்த்ததும் இதைத்தான்.

என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த முறை எங்காவது போர் மூண்டால், முதல் நாளிலேயே அந்தந்த அரசு என்ன நோக்கம் என்று அறிவித்ததோ அதை அவர்கள் வார்த்தையிலேயே தேதியோடு ஒரு பெட்டியில் போடுங்கள். முதல் நாளே போட வேண்டும், ஏனென்றால் பிறகு நோக்கத்தை மாற்றிவிடுவார்கள். 2003இல் ஈராக்குக்குள் அமெரிக்கா நுழைந்தபோது பேரழிவு ஆயுதம் என்றார்கள், அது கிடைக்கவில்லை என்றதும் ஜனநாயகம் என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. பழைய பேப்பரைத் தேடி எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. வாசலில் வந்து விழும் பேப்பரில் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பெட்டியை ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து, ஐந்து வருஷம் கழித்து, அதே தேதியில் திரும்பப் போடுங்கள். பக்கத்தில் நடந்தது என்ன என்று ஒரு பத்தி. நோக்கத்தை மறைத்து வைப்பார்களே என்று கேட்பீர்கள், சதாத்தும் மறைத்தார்தான். பரவாயில்லை, சொன்னதை வைத்துத் தொடங்குங்கள், மறைத்தது பிறகு ஆவணங்களில் வெளியே வரும்போது அதையும் அந்தப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். இடம் இல்லையென்றால் அந்தக் கொடிப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். முதல் பெட்டிக்குத் தேவையான அறிக்கைகளைத் தேடி எடுத்து, தேதி சரிபார்த்து எழுதித் தர நானும் தயார், என்னிடம் இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.